சர்வேயர் லைசென்ஸ் பயிற்சி: 38,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற சர்வேயர் வேலை இல்லை. எனக்கு உரிமம் வந்த செய்தி தெருவில் பரவியதும் எதிர்வீட்டுக்காரர் பட்டா நகலோடு வந்து, பக்கத்து மனைக்காரர் ஒன்றரை அடி உள்ளே வந்துவிட்டார் என்று முறையிட்டார். காபி கொடுத்து அனுப்பினேன். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நசுங்கிய காருக்கும் எரிந்துபோன கிடங்குக்கும் இழப்பு எவ்வளவு என்று பார்த்து, அறிக்கை எழுதிக் கொடுப்பவன். உரிமத்தில் ‘சர்வேயர் மற்றும் இழப்பு மதிப்பீட்டாளர்’ என்று இரண்டு பெயர் சேர்ந்திருக்கும்; ஊரில் யாரும் இரண்டாவதைச் சொல்வதில்லை.

இந்த உரிமத்துக்காகச் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் 38,000 ரூபாய் கட்டிப் படித்தேன். அதே வழியில் போக நினைப்பவர்கள் வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரத்தைப் பார்த்தாலே இந்த ரகம் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. அம்பத்தூரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் பதினேழு வருடம் சூப்பர்வைசர். சர்வேயர்களை அங்கேதான் பார்த்துப் பழக்கம். பெரும்பாலும் எரிச்சலோடு பார்த்த பழக்கம், நாங்கள் போடும் எஸ்டிமேட்டை வெட்டுகிறவர்கள் என்பதால். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த எண்ணம் மாறியது. ஒர்க்‌ஷாப் வாசலில் இழுத்து வந்து விட்ட கார்கள் தெருமுனை வரை நின்றன. ஒரு வயதான சர்வேயர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு காரிலும் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்னார். ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் போக வழி கிடைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வரும், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். “ஒரே ஒரு முறைதான் ஸ்டார்ட் செய்து பார்த்தேன் சார்” என்று உரிமையாளர்கள் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டியபடி குறித்துக்கொண்டார். சீட்டும் கார்ப்பெட்டும் வயரிங்கும் வெள்ளம் செய்த சேதம். ராடு வளைந்தது சாவி செய்த சேதம். என்ஜினுக்கென்று தனிக் காப்பு சேர்த்து வாங்காதவர்களுக்கு அந்தப் பகுதி கிடைக்காது. ஒரே காரில் இரண்டு விதச் சேதத்தைப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கண் எனக்கு வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. தோன்றி ஏழு வருடம் கழித்து, 2022இல்தான் பணம் கட்டினேன். வீட்டு நிலைமை அப்படி.

பயிற்சி நிலையம் ஒரு மாடியில், மருந்துக்கடைக்கு மேலே. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை. சேரும்போது முன்மேசையில் இருந்தவர் சொன்ன இரண்டு விஷயங்கள்: ‘லைசென்ஸ் உத்தரவாதம்’, ‘மாதம் ஒரு லட்சம்’. இரண்டும் பொய். லைசென்ஸ் கொடுப்பது ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தேர்வு நடத்துவது மும்பையில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா. இவற்றுக்கு நடுவே எந்த மாடி நிலையத்துக்கும் எதையும் உத்தரவாதம் செய்யும் அதிகாரம் கிடையாது. தேர்வில் தேறினால்கூடப் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். உரிமம் பெற்ற ஒரு மூத்த சர்வேயரிடம் பன்னிரண்டு மாதம் நடைமுறைப் பயிற்சி எடுத்தாக வேண்டும். இந்தப் பன்னிரண்டு மாதத்தைப் பற்றி முன்மேசையில் யாரும் வாயே திறக்கவில்லை. நான் அறிந்துகொண்டது மூன்றாவது ஞாயிறு, அதுவும் டீ இடைவேளையில்.

பாடம் நடத்தியவர்கள் இருவர். ஒருவர் பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பவர். அவர் வகுப்பில் நான் வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகைப் பட்டியலை எழுதி முடித்தேன். ஓய்வு பெற்றவரின் நான்கு வகுப்புகளுக்காக மட்டும் கட்டியதில் பாதிப் பணத்தை மன்னிக்கிறேன்.

அவர் ஒரு நாள் கரும்பலகையில் போட்ட கணக்கு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. கார் வாங்கி நான்கரை வருடம், என்ஜின் 1,500 சிசிக்குள். ஒர்க்‌ஷாப் பில்: பிளாஸ்டிக் பம்பர் 6,000, பானெட் 10,000, முன் கண்ணாடி 7,000, பெயின்டிங் 8,000. மொத்தம் 31,000. எவ்வளவு கிடைக்கும்? பிளாஸ்டிக்குக்கு எந்த வயதானாலும் பாதி கழிவு (தேய்மானத்துக்காகக் குறைப்பது), ஆகவே 3,000. உலோகத்துக்கு வயதைப் பொறுத்து. நான்கிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 35 சதவீதம் கழிவு, ஆகவே 6,500. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. பெயின்டிங் பில் மொத்தமாக வந்தால் அதில் கால் பங்கை மட்டும் பெயின்ட் விலை என்று எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிக்க வேண்டும். ஆயிரம் போய் 7,000. கூட்டினால் 23,500. கட்டாயமாக உரிமையாளர் ஏற்க வேண்டிய 1,000 போக 22,500. பதினேழு வருடம் எஸ்டிமேட் போட்ட எனக்கு, மறுபக்கத்தில் இருந்தவர் எதை எப்படி வெட்டினார் என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. அத்தனை வருடம் அந்த மனிதர்களைக் கருமி என்று திட்டியிருக்கிறேன். ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்து வாங்கியவர்களுக்கு இந்தக் கழிவுகள் கிடையாது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

இனி குறை. நிலையம் கொடுத்த ஸ்பைரல் நோட்ஸ் நகலுக்கு நகல் எடுத்தது. சில பக்கங்களில் வரிகள் ஓரத்தில் தேய்ந்து காணாமல் போயிருந்தன. அது போகட்டும். 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யு.எம் பிரிவு இந்தத் தொழிலுக்கு வேர். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும் என்று நோட்ஸில் இருந்தது. அது பழைய கணக்கு. 2015 ஒழுங்குமுறைகள் வந்தபோதே அந்த எல்லை வாகனத்துக்கு 50,000, மற்றவற்றுக்கு ஒரு லட்சம் என்று உயர்ந்துவிட்டது. ஏழு வருடம் கழித்து எங்களிடம் காசு வாங்கிக்கொண்டு பழையதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தீ இன்சூரன்ஸ் பாடமும் அப்படியே. 2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா, பாரத் சூக்‌ஷ்ம உத்யம் சுரக்‌ஷா போன்ற புதுப் பாலிசிகள் வந்துவிட்டன. நோட்ஸில் அவற்றின் பெயர்கூட இல்லை. எழுந்து கேட்டேன். வாசிப்பவர், “தேர்வுக்கு இது போதும்” என்றார். போதவில்லை. எல்லாப் பிரிவினரும் எழுத வேண்டிய பொதுத்தாளில் முதல் முறை தோற்றேன். அதில் ஒரு பங்கு என் சோம்பல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தோற்ற பிறகு மும்பை இன்ஸ்டிட்யூட்டின் சொந்தப் பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். என் கைக்கு வந்தது ஆங்கிலப் புத்தகம், மணலை மெல்வது போன்ற நடை. ஆனால் ஒழுங்கான புத்தகம். ‘அண்மைக் காரணம்’, அதாவது இழப்பை உண்மையில் உண்டாக்கிய காரணம் எது என்று பார்க்கும் கோட்பாட்டை நிலையத்தில் ஒரு வரி இலக்கணமாக ஒப்பித்தோம்; புத்தகத்தில் படித்தபோது 2015இல் பார்த்த நனைந்த ஃபில்டர் நினைவுக்கு வந்தது, பிறகு மறக்கவில்லை. இரண்டாம் முறை பொதுத்தாளும் மோட்டார் தாளும் தேறின. கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதான். ஒர்க்‌ஷாப் ஆட்கள் எழுத்து வேகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உண்மையான பயிற்சி பெரம்பூரில் ஒரு பழைய ஸ்கூட்டரின் பின் சீட்டில் நடந்தது. எனக்கு வாய்த்த மூத்தவருக்கு அறுபத்தெட்டு வயது. மோட்டார், தீ இரண்டுக்கும் உரிமம் உண்டு. பயிற்சி தருவதாக ஒத்துக்கொள்ளும் மூத்தவரைத் தேடியே எனக்கு ஐந்து மாதம் ஓடியது. ஏழு பேர் முடியாது என்றார்கள், ஒருவர் பணம் கேட்டார். இவர் பணம் கேட்கவில்லை, சம்பளமும் தரவில்லை. வெளியூர் போனால் சாப்பாடு அவர் கணக்கு. வேலையை விட்டுவிட்டு அந்த ஒரு வருடத்தைச் சேமிப்பிலும் மனைவியின் சம்பளத்திலும் கழித்தேன். இந்தத் தொழிலுக்கு ஆகும் செலவு என்று யாராவது 38,000ஐச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வருட வருமானம்தான் இதன் உண்மையான கட்டணம்.

ஒரு காரைக் காட்டுகிறேன். முன்பக்கம் மரத்தில் மோதியதாகக் கிளெய்ம். பானெட், கிரில், இடப்பக்க ஹெட்லைட், அதைத் தாங்கும் சட்டம் எல்லாம் எஸ்டிமேட்டில் இருந்தன. நான் பட்டியலோடு ஒப்பிட்டு எல்லாம் சரி என்றேன். மூத்தவர் டார்ச்சை வாங்கி, உடைந்த சட்டத்தின் பின்னால் அடித்துக் காட்டினார்.

“என்ன தெரிகிறது தம்பி?”

“விரிசல் சார்.”

“விரிசலுக்குக் குறுக்கே?”

ஒட்டடை. விரிசலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சிலந்தி வலை கட்டியிருந்தது, வலை மேல் தூசியும் படிந்திருந்தது. விபத்து நடந்தது முந்தின நாள் மாலை. “சிலந்தி இவ்வளவு வேகமாக வேலை பார்க்காது” என்று சொல்லிவிட்டு, போட்டோ எடுக்கச் சொன்னார். கார்க்காரரிடம் குரல் உயர்த்தவில்லை. அந்தச் சட்டம் ஒன்றை மட்டும் நீக்கினார். மற்றவை மரத்தில் மோதியவைதான், அவற்றுக்கு உரியதைக் குறைக்காமல் எழுதினார். பழைய சேதம் ஒன்று இருக்கிறது என்பதற்காக முழுக் கிளெய்மையும் சந்தேகிக்கக் கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பு. பட்டி வைத்து மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார். தகட்டில் ஒட்டும், பட்டி கனமாக இருந்தால் நழுவும். இப்போது என் பையிலும் ஒன்று இருக்கிறது, பிரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழ பொம்மையிலிருந்து பிய்த்தது.

மாதவரம் பக்கம் ஒரு துணிக் கிடங்கு தீப்பிடித்தபோதும் கூடப் போனேன். தீக்கு எனக்கு உரிமம் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். இறுகச் சுற்றிய துணி உருளைகள் வெளியே கரியாகியிருந்தன. பிரித்தால் உள்ளே பல சுற்றுகள் வெள்ளையாகவே இருந்தன, புகை நாற்றத்தோடு. அந்த உள்சுற்றுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கழிக்க வேண்டும். பிறகு இருப்புப் பதிவேடு, வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிடங்கில் இருந்தது 80 லட்சச் சரக்கு என்று வந்தது. பாலிசி 60 லட்சத்துக்கு. முக்கால் பங்குக்குத்தான் இன்சூரன்ஸ் செய்திருக்கிறார் என்றால் இழப்பிலும் முக்கால் பங்குதான் கிடைக்கும். 20 லட்ச இழப்புக்கு 15 லட்சம். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காக ஐந்து லட்சம் போனதை அந்த முதலாளிக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. பிரீமியம் குறைய வேண்டும் என்று அவர்தான் கேட்டிருந்தார். ஏஜென்டும் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பயிற்சி அறிக்கை போக வேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் சர்வேயர்கள் கழகத்தில் உறுப்பினராக வேண்டும். ஆவணங்களை இணையதளத்தில் ஏற்றும்போது பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும். என் டிப்ளமோ சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், அதற்கே ஒன்றரை மாதம் போனது. எனக்கு வந்த உரிமம் மூன்று வருடத்துக்கு.

ஆக, பயிற்சி நிலையத்துக்கு ஐந்தில் இரண்டு. அந்த இரண்டும் ஓய்வு பெற்றவருக்கு. பாடப்புத்தகத்துக்கு நான்கு. பெரம்பூர் ஸ்கூட்டருக்கு மதிப்பெண் போடும் தகுதி எனக்கு இல்லை. சேர நினைப்பவர்கள் முதலில் மூத்தவரைத் தேடுங்கள். அவர் கிடைத்த பிறகு புத்தகம் வாங்குங்கள். கணக்குப் பாடம் மட்டும் தடுமாறினால் யாரிடமாவது நான்கு வகுப்புக்குக் காசு கொடுங்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய நண்பர்கள், “நம்ம ஆள்தானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்” என்பார்கள். எனக்கு முதல் மாதமே மூன்று அழைப்பு வந்தது. அதில் ஒருவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் நிலையத்திலிருந்து போன் வந்தது. வெற்றி பெற்றவர்கள் ஃபிளெக்ஸில் போட என் போட்டோ வேண்டுமாம். நோட்ஸில் அந்த 20,000ஐத் திருத்திவிட்டால் அனுப்புகிறேன் என்றேன். புதுப் பதிப்பு தயாராகிவிட்டது என்றார்கள். சென்ற ஞாயிறு அங்கே படிக்கும் ஒரு பையன் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்தான். நோட்ஸை வாங்கிப் பார்த்தேன். அட்டை புதிது, நல்ல நீல நிறம். உள்ளே அதே 20,000.