இரண்டு கோடை, ஒரு புயல்: பழைய ஓ.எச்.பி.யில் கட்டிய புரொஜெக்டர் இப்போது எப்படி இருக்கிறது?

ஃபெஞ்சல் புயலுக்கு முந்தின கோடையில் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டு மாடி அறையில் கட்டி முடித்த புரொஜெக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரக் கடைசியில் ஒரு படம், ஐ.பி.எல். வந்துவிட்டால் தினம் ஒரு மேட்ச் என்று நன்றாகவே உழைத்திருக்கிறது. கட்டி முடித்த சூட்டில் எழுதினால் எல்லாமே சூப்பராகத்தான் தெரியும். பெற்ற பிள்ளையை முதல் மாதத்தில் யார் குறை சொல்வார்கள்? அதனால்தான் இவ்வளவு தள்ளி எழுதுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவு எட்டாயிரம் ரூபாய்க்குள். 60 இன்ச்சில் படம் திருப்தியாக இருக்கிறது. 80 இன்ச் வேண்டுமென்றால் அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பது நடக்காது. கட்ட நினைப்பவர்கள் காசை ரெசல்யூஷனில் கொட்டாமல் லென்ஸுக்கும் காற்றோட்டத்துக்கும் ஒதுக்குங்கள். ஏனென்று போகப் போகச் சொல்கிறேன்.

பொருள் தேடலை ஓ.எச்.பி.யிலிருந்து தொடங்கியதுதான் இதில் பெரிய மிச்சம். ஒரு காலத்தில் கல்லூரி வகுப்பில் கண்ணாடித் தாளை வைத்து சுவரில் காட்டுவார்களே, அதே ஓவர்ஹெட் புரொஜெக்டர். கல்லூரிகள் கழித்துப் போட்டவை எடைக்கு வருகின்றன. புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் மூலையில் கிடந்தது. கடைக்காரர் விலை இறங்கவில்லை. "தம்பி, உள்ள டிரான்ஸ்பார்மர் இருக்கு பாரு, செம்புக்கே காசு வந்துடும்" என்றார். 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன் பல்பு போடும் மாடல் அது, அதனால் உள்ளே கனத்த டிரான்ஸ்பார்மர் இருந்தது உண்மைதான். "செம்பை நீங்களே வச்சுக்குங்கண்ணே, மேல இருக்கற லென்ஸும் அந்த பிளாஸ்டிக் தட்டும் போதும்" என்றதும் பேரம் படிந்துவிட்டது. தனித்தனியாக ஆர்டர் போட்டால் அந்த இரண்டுக்குமே மூவாயிரம் தாண்டும்.

அந்த பிளாஸ்டிக் தட்டுதான் ஃப்ரெனெல் லென்ஸ். கனமான குவி லென்ஸை வட்ட வட்டமாக நறுக்கித் தட்டையாக்கியது போன்ற அமைப்பு. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல் 1820களில் கலங்கரை விளக்கங்களுக்காக உருவாக்கியது. நம்ம கடற்கரைச் சாலையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் கட்டியது 1836. ஃப்ரெனெல் கண்டுபிடித்ததைப் பிரெஞ்சுக்காரர் ஊரில் இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தேன் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஓ.எச்.பி. தட்டு பெரும்பாலும் ஒரே தகடு கிடையாது. இரண்டு தகடுகளை வரிப்பள்ளம் உள்பக்கமாகச் சேர்த்து ஓரத்தில் டேப் ஒட்டியிருப்பார்கள். டேப்பைப் பிரித்தால் இரண்டு லென்ஸ் கிடைக்கும். ஒன்று விளக்கின் ஒளியை நேர்க்கற்றையாக்கிப் பேனல் (படம் ஓடும் எல்.சி.டி. திரை) மீது விழவைக்கும். மற்றது பேனலைத் தாண்டிய ஒளியைக் கூட்டி முன் லென்ஸுக்குள் (ஓ.எச்.பி.யின் மேலே இருந்த அதே லென்ஸ்) அனுப்பும். இரண்டின் வரிப்பள்ளமும் பேனலைப் பார்த்தே இருக்க வேண்டும். பேனலுக்கு மிக ஒட்டியும் வைக்கக் கூடாது, வட்ட வரிகள் சுவரில் தெரியும். இரண்டு விரல் இடைவெளி விட்டேன், வரிகள் மறைந்தன. காற்று போகவும் அந்த இடைவெளிதான் வழி.

அடுத்து பேனல். 5.5 இன்ச் 2கே போன் பேனல் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது சின்னதாக இருப்பதால் மொத்த வெப்பமும் உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கும். படத்தை வாங்கிப் பேனலுக்குக் கொடுக்கும் எச்.டி.எம்.ஐ. போர்டு விலையும் பேனலைத் தாண்டிப் போகும். பழைய 15.6 இன்ச் லேப்டாப் பேனல் சும்மாவே கிடைக்கும், ஆனால் அகலம் 344 மி.மீ. ஓ.எச்.பி. தட்டு 285 மி.மீ. சதுரம்தான். இரண்டுக்கும் நடுவில் 10.1 இன்ச், 1280-க்கு 800 ஐ.பி.எஸ். பேனல் கச்சிதமாக உட்காருகிறது: 217-க்கு 136 மி.மீ. சண்டே மார்க்கெட்டில், எம்.ஜி. ரோட்டில், டச் உடைந்த டேப்லெட்டுகள் குவிந்து கிடக்கும். ஆசைப்பட வேண்டாம். அவற்றின் பேனலுக்குப் பொருந்தும் போர்டு தேடியே ஆயுசு போய்விடும். எல்.வி.டி.எஸ். கனெக்டர் (போர்டிலிருந்து படம் வரும் கேபிளைச் செருகும் ஒரு வகை) உள்ள பேனலையும் அதற்கேற்ற போர்டையும் ஒரே கடையில், ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். போர்டில் எச்.டி.சி.பி. (படத்தைக் காப்பி அடிக்காமல் தடுக்கும் பூட்டு) வேலை செய்கிறதா என்று ஒரு ஓ.டி.டி. ஸ்டிக்கைச் செருகிப் பார்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் மெனு வரும், படம் வராது.

பேனலை உரிப்பதுதான் நெஞ்சு படபடக்கும் கட்டம். பின்னால் இருக்கும் வெள்ளை ரிஃப்ளெக்டர், பரவல் தாள்கள், பேக்லைட் பட்டை எல்லாம் போக வேண்டும். கண்ணாடியும் அதன் இருபுறமும் ஒட்டிய போலரைசர் படலமும் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) மட்டும் நிற்க வேண்டும். பின்பக்கம் மடித்து வைத்திருக்கும் டிரைவர் பட்டையை நேராக நிமிர்த்தி ஒரு சட்டத்தில் தாங்கவைக்க வேண்டும். அந்த மெல்லிய ஃபிலிம் கேபிளில் ஒரு மடிப்பு விழுந்தால் படத்தில் கோடு விழும், அதற்கு மருந்து கிடையாது. மேட் ஃபினிஷ் பேனல் வாங்கினால் படம் மங்கலாகத்தான் வரும், பளபளப்பானதே வாங்குங்கள். இன்னொன்று: முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்பாத நேர்ப்பெட்டியில் பேனலின் முகம் விளக்கைப் பார்க்க, தலைகீழாக மாட்ட வேண்டும். அப்போது சுவரில் எழுத்து நேராக வரும், மெனுவில் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

விளக்குக்கு 100 வாட் சி.ஓ.பி. (பல சில்லுகளை ஒரே தகட்டில் பதித்த) எல்.இ.டி. 30 முதல் 34 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். நான் பழைய 19 வோல்ட் 90 வாட் லேப்டாப் சார்ஜரில் வோல்ட்டை ஏற்றும் ஒரு ஸ்டெப்-அப் போர்டு வைத்து 2.4 ஆம்பியரிலேயே நிறுத்திவிட்டேன். வெளிச்சம் கொஞ்சம் குறையும், எல்.இ.டி. நிம்மதியாக இருக்கும். கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத போர்டை வாங்காதீர்கள். சூடு ஏற ஏற எல்.இ.டி. அதிகம் இழுத்து, இன்னும் சூடாகி, எரிந்துபோகும்.

"பத்தாயிரம் லூமன்" (மொத்த ஒளியின் அளவு) என்று கடைக்காரர் சொல்வார். அது சுவருக்கு வருமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்.இ.டி. சிதறும் ஒளியில் லென்ஸ்கள் பிடிப்பது மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மூவாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனலில் போலரைசர் பாதிக்கு மேல் தின்னும், சிவப்பு பச்சை நீல வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டைத் தின்னும், பிக்சலைச் சுற்றிய கறுப்புச் சட்டம் இன்னும் கொஞ்சம். கடைசியில் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து. சுவரில் விழுவது நூற்றைம்பது லூமனுக்குள். 80 இன்ச்சுக்குப் பரப்பினால் கிடைக்கும் பிரகாசம் இருபது நிட்டுக்குக் (திரைப் பிரகாசத்தை அளக்கும் அலகு) கொஞ்சம் மேலே. தியேட்டரில் திரைக்கு வைத்திருக்கும் அளவு 48 நிட். 60 இன்ச்சுக்குச் சுருக்கினால் தியேட்டரை நெருங்கலாம். அதனால்தான் பெரிய திரை ஆசையை முதல் மாதத்திலேயே குறைத்துக்கொண்டோம்.

அறை அளவையும் இப்படியே போடலாம். என் முன் லென்ஸின் குவியத் தூரம் ஏறக்குறைய 315 மி.மீ. ஜன்னல் வெளிச்சத்தை எதிர்ச் சுவரில் விழவைத்து அளந்தது. 80 இன்ச்சுக்கு லென்ஸிலிருந்து சுவருக்கு 2.8 மீட்டர், 60 இன்ச்சுக்கு 2.2 மீட்டர். பெட்டி நீளம் அறுபத்தைந்து செ.மீ. பன்னிரண்டு அடி அறைக்குள் அடங்கிவிடுகிறது, பின்னால் ஒரு சாண் காற்று வாங்கவும் இடமிருக்கிறது.

பெட்டிக்கு எம்.டி.எஃப். பலகை (மரத்தூளை அழுத்திச் செய்தது) வேண்டாம். கடலோர ஈரத்தில் ஊறி உப்பிவிடும். மாடுலர் கிச்சன் வேலை செய்பவர்களிடம் பி.வி.சி. ஃபோம் ஷீட் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், பிளேடால் வெட்டலாம். உள்ளே மேட் கறுப்பு ஸ்ப்ரே.

இனி அனுபவம். முதல் கத்திரி வெயிலிலேயே வந்தது தொல்லை. அறை 38 டிகிரி இருக்கும்போது மேட்சின் இரண்டாவது இன்னிங்ஸில் படத்தின் நடுவே மேகம் போல ஒரு கறுப்பு. எல்.இ.டி. பெரிய ஹீட்சிங்க்கோடு (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு), சர்வீஸ் கடையில் வாங்கிய பழைய சி.பி.யு. கூலரோடு, குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சூடானது பேனல். அது விழுங்கும் ஒளியெல்லாம் அதிலேயே வெப்பமாகத் தங்குகிறது. ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் திரவப் படிகம் தன் குணத்தை இழந்து கறுக்கும், ஆறினால் பழையபடி தெளியும். பேனலுக்கென்று தனியாக ஒரு 120 மி.மீ. ஃபேன், இரண்டு ஃப்ரெனெல் இடைவெளிகளுக்குள்ளும் கீழிருந்து மேலாக ஊதும்படி வைத்த பிறகு கறுப்பு வரவில்லை.

ஆனால் அதற்குள் போலரைசர் நடுவில் லேசாக மஞ்சள் பூத்துவிட்டது. அது ஆறினால் தெளியும் வகை இல்லை. கறுப்பு வெள்ளைப் படம் ஓடும்போதும், ஸ்கோர் போர்டின் வெள்ளையிலும் தெரியும். இரண்டாவது கோடைக்கு முன் ஒரு போலரைசர் ஷீட் வாங்கி, மெல்லிய கண்ணாடியில் ஒட்டி, பேனலுக்கும் விளக்குக்கும் நடுவில் தள்ளி நிறுத்தினேன். சுழற்றிப் பார்த்து அதிகபட்ச வெளிச்சம் வரும் கோணத்தில் இறுக்கிவிட வேண்டும். பேனல் வாங்கியிருக்க வேண்டிய சூட்டில் பாதியை இப்போது அந்தக் கண்ணாடி வாங்குகிறது. வெளிச்சம் கொஞ்சம்தான் குறைந்தது. மஞ்சள் அதற்குப் பிறகு பரவவில்லை. இருநூறு ரூபாய் கூட ஆகாத இந்தத் துண்டுக்கு நான் தரும் மதிப்பெண், போர்டுக்குத் தருவதைவிட அதிகம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. மாடி என்பதால் வெள்ளம் வரவில்லை, ஈரம் வந்தது. கரன்ட் வந்து ஓடவிட்டபோது படம் பனி மூட்டமாக இருந்தது. முன் லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை. லென்ஸ் கண்ணாடி என்பதால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போயிற்று. அதே பஞ்சை ஃப்ரெனெல் பக்கம் கொண்டுபோகக் கூடாது, அது அக்ரிலிக், ஸ்பிரிட் பட்டால் வெடிப்பு விழும். அதற்கு நாலு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், துணி படாமல் உலர்த்தல். இப்போது மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறது, படம் பார்க்காவிட்டாலும் வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் ஓடவிடுகிறோம்.

உப்புக் காற்றுக்கு ஃபேன்தான் முதல் பலி. கூலர் ஃபேனின் பேரிங் இறுகி ஒருநாள் நின்றேவிட்டது. ஹீட்சிங்க்கில் திருகியிருந்த 70 டிகிரி தெர்மல் சுவிட்ச் எல்.இ.டி.யை அணைத்துவிட்டது. ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் அந்தச் சுவிட்ச் இல்லாமல் யாரும் கட்டாதீர்கள்.

திரைக்கு அச்சடிக்காத வெள்ளை ஃப்ளெக்ஸ், பேனர் கடையில் வெட்டி வாங்கியது. மினுமினுப்பு இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். சுற்றிக் கறுப்புத் துணி பார்டர் தைத்த பிறகு கான்ட்ராஸ்ட் ஏறியது போல ஒரு தோற்றம். கண்ணை ஏமாற்றும் வேலைதான், இருக்கட்டும்.

இதே விலையில் ரெடிமேட் மினி புரொஜெக்டர் கிடைக்கிறதே என்று என் மைத்துனர் வரும்போதெல்லாம் சொல்வார். கிடைக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் இதே ஒற்றை எல்.சி.டி., எல்.இ.டி., ஃப்ரெனெல்தான். எடை குறைவு, ஸ்பீக்கர் உண்டு, சத்தமும் குறைவு. என் பெட்டியின் ஃபேன் சத்தம் மென்மையான வசனக் காட்சிகளில் நன்றாகவே கேட்கும், என் மனைவிக்கு இதில் இருக்கும் ஒரே புகாரும் அதுதான். படம் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்கள் ரெடிமேடே வாங்குங்கள். அதில் ஆறு மாதத்தில் பேனல் மஞ்சளித்தால் சர்வீஸ் கிடைப்பது கஷ்டம். இதில் எந்தத் துண்டு போனாலும் அந்தத் துண்டுக்கு மட்டும் காசு.

இனி மாற்ற வேண்டியது மஞ்சளித்த பேனல்தான். 10.1 இன்ச்சிலேயே 1920-க்கு 1200 வருகிறது. பிக்சல் பொடியாகும்போது கறுப்புச் சட்டத்தின் பங்கு கூடி ஒளி இன்னும் குறையும் என்பதால் அது வேண்டாம். அடுத்த முறை சென்னை போகும்போது பழைய 1280-க்கு 800 பேனலிலேயே, அதே கனெக்டரில், இரண்டாக வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறேன்.