கேம் பைத்தியத்துக்கு விடுமுறைப் பரிசு: எது தேறும், எது தூங்கும்

நாள் முழுக்க கேமே கதி என்று கிடப்பவருக்குப் பரிசு வாங்குவதில் ஒரு சங்கடம். பேர்பெற்றது எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். 'டாப் 10' பட்டியலைப் பார்த்து வாங்குவதைவிட இரண்டு விஷயத்தை விசாரித்துவிட்டு வாங்குவது மேல். கார்டு கேம் என்றால், அவரோடு உட்காரப்போவது எத்தனை பேர்? வீடியோ கேம் என்றால், அவரிடம் இருப்பது எந்த மெஷின் (கேம் கன்சோல்)?

2008-இல் வந்த டொமினியன் இன்னும் சலிக்காத கார்டு கேம். ஏழு காப்பர் (காசு), மூன்று எஸ்டேட் (வெற்றிப் புள்ளி) என ஆளுக்குப் பத்து கார்டோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தைக் கையில் எடுத்து, புதிய கார்டுகளை வாங்கித் தன் கட்டைத் தானே வளர்க்க வேண்டும். உள்ளே 500 கார்டு இருக்கிறது; ஓர் ஆட்டத்தில் வாங்குவதற்காக மேசைக்கு வரும் கிங்டம் எனும் சிறப்புக் கார்டுகளோ பத்தே வகை. அதனால் ஒவ்வொரு முறையும் வேறு ஆட்டம் போலிருக்கும். தொல்லை முதல் நாளில்தான். அத்தனை கார்டையும் பிரித்துத் தட்டில் அடுக்கி முடிப்பதற்குள் வந்தவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆட்டத்துக்கு முதல் நாளே பிரித்து அடுக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கூடவே ஸ்லீவ் (கார்டைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை) வாங்கித் தர நினைப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் அளவு. மேஜிக், போக்கிமான் ஆகிய கார்டு கேம்களின் கார்டுகள் 63 × 88 மி.மீ.; டொமினியன் கார்டு அதைவிட ஒல்லி, உயரம் கூடுதல், சுமார் 59 × 91 மி.மீ. மேஜிக் ஸ்லீவில் செருகினால் பக்கவாட்டில் ஆடும், மேலே தலை நீட்டும். பாதிக் கட்டுக்கு மட்டும் ஸ்லீவ் போடுவது அதைவிட மோசம். எந்தக் கார்டு எது என்று பின்பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சின்னப் பெட்டியில் பெரிய மூளை வேலை வேண்டுமென்றால் ஹனபி: எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு நிறத்தையும் 1 முதல் 5 வரை வரிசையாக அடுக்கும் கார்டு கேம். 2013-இல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரஸ்' (ஆண்டின் ஆட்டம்) விருது வாங்கியது. கையிலுள்ள கார்டின் முகத்தை எதிரே காட்டிப் பிடிக்க வேண்டும். உங்கள் கார்டு உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்குக் குறிப்பு தரும்போது நிறம் அல்லது எண், இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். "இதெல்லாம் சிவப்பு" என்றால் அவர் கையிலுள்ள எல்லாச் சிவப்பையும் காட்டியாக வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் 5 ஒன்றே ஒன்றுதான். புதியவர்கள் அதைத் தெரியாமல் கழித்துவிட்டால் முழு மதிப்பெண்ணான 25 அங்கேயே போச்சு. முகபாவத்திலேயே குறிப்பு கொடுத்துவிடும் கலகலப்பான கூட்டத்துக்கு இது சரிவராது.

தி க்ரூ (2019) என்ற கார்டு கேம் மூன்று, நான்கு பேர் சேரும் வீட்டுக்குச் சரியான தேர்வு. எல்லோரும் ஒரே அணியாக 50 மிஷனை முடிக்க வேண்டும். இருவர் ஆடவும் விதி உண்டு. ஆனால் இல்லாத மூன்றாம் ஆளுடைய கார்டுகளை மேசையில் பரப்பி நடத்தும் ஒட்டுப்போட்ட ஏற்பாடு அது. இருவருக்கென்றே வாங்க வேண்டாம்.

மேஜிக் ஆடுபவருக்கு, உள்ளே என்ன கார்டு என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட் தருவது லாட்டரிச் சீட்டு தருவது மாதிரி. மேஜிக்கிலேயே கமாண்டர் என்ற வகையை ஆடுகிறவர் என்றால் 100 கார்டு கொண்ட ரெடிமேட் கமாண்டர் டெக் உருப்படியான பரிசு.

கார்டும் வேண்டும், ஸ்கிரீனும் வேண்டும் என்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பலாட்ரோ (2024). போக்கர் கைகளை (ஜோடி போன்ற கார்டுச் சேர்க்கைகளை) வைத்துப் புள்ளி சேர்க்கும் வீடியோ கேம், சூட்சுமமெல்லாம் புள்ளியைக் கூட்டித் தரும் ஜோக்கர்களிடம். அவை இடமிருந்து வலமாக வேலை செய்யும். ஜோடிக்குப் புள்ளியைப் பெருக்கும் எண் ஆரம்பத்தில் 2. முதலில் +4 தரும் ஜோக்கர், அடுத்து ×2 தரும் ஜோக்கர் என்று வைத்தால் 12. இடம் மாற்றினால் வெறும் 8. இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு "இன்னும் ஒரு ரவுண்டு" என்று விடிந்துவிடும்.

இருவருக்கு இட் டேக்ஸ் டூ (2021) என்ற வீடியோ கேம் நல்ல பரிசு. ஒருவரிடம் கேம் இருந்தால் போதும், மற்றவர் ஃப்ரெண்ட்ஸ் பாஸை இலவசமாக இறக்கிச் சேரலாம். ஆனால் தனியாக ஆடவே முடியாது. துணையில்லாதவருக்குக் கொடுத்தால் அது பரிசல்ல, குத்தல்.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) டிஜிட்டல் எடிஷனும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-உம் டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வருகின்றன. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேமைப் பழைய ஸ்விட்சில் ஆட முடியாது. ஸ்விட்ச் 2 பெட்டியில் 'கேம்-கீ கார்டு' என்று இருந்தால், கார்டுக்குள் கேம் இல்லை என்று அர்த்தம். இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஆடும்போது கார்டையும் செருகியிருக்க வேண்டும். மெதுவான இணைப்பு உள்ள வீட்டில் பரிசைப் பிரித்ததும் பார்க்கக் கிடைப்பது டவுன்லோட் பட்டைதான். மெமரி கார்டு சேர்த்துத் தருவதானால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண மைக்ரோ எஸ்டியில் ஸ்விட்ச் 2 கேம் ஓடாது.

பிளேஸ்டேஷன் கிஃப்ட் கார்டு, பெறுபவரின் அக்கவுன்ட் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்குரியதாக இருக்க வேண்டும். அவர் இப்போது எங்கே வசிக்கிறார் என்பது கணக்கில்லை. பிசி கேம் கடையான ஸ்டீமில் டிஜிட்டல் கிஃப்ட் கார்டு அனுப்ப, அவர் உங்கள் நண்பர் பட்டியலில் சேர்ந்து மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி ராத்திரியில் நினைத்துக்கொண்டால் நடக்காது. கேமையே அனுப்புவதானால் முதலில் அவருடைய விஷ்லிஸ்ட்டைப் பாருங்கள். தப்பாகிப் போனாலும், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ஏற்றுக்கொண்ட பரிசுக்கு அந்தக் கோரிக்கையை அவர்தான் தொடங்க வேண்டும்.