குக்கர் வெடித்துக் காயம்பட்டால்: கடையா, 1915 உதவி எண்ணா, நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா?

கோபிச்செட்டிபாளையத்தில் என் சின்னம்மா வீட்டில் குக்கர் மூடி எகிறி, கொதிக்கிற பருப்பு தங்கச்சியின் இடது கையிலும் கழுத்திலும் கொட்டியது. வாங்கி ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. மூணாம் நாள் கடைக்காரர் புதுக் குக்கரோடு வந்து நின்றார். தூரத்துச் சொந்தம். "பழசைக் குடுங்கக்கா, கம்பெனிக்கு அனுப்பிக் கேட்டுப் போடறனுங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த சின்னம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் குக்கரை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் பெரும்பாலும் விவகாரம் இப்படித்தான் கடைப்படியிலேயே முடிகிறது. ஒரே ஊர், ஒரே கோயில் நோம்பி, நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும். பொருளில் மட்டும் குறை என்றால் இந்த வழியே சுலபம், நானும் அதைத்தான் சொல்வேன். உடம்பில் காயம் என்றால் கணக்கு வேறு. புதுக் குக்கர் வந்தது, ஆனால் ஆஸ்பத்திரிச் செலவும் தங்கச்சி வேலைக்குப் போகாத இரண்டு மாசச் சம்பளமும் வரவில்லை. உடைந்த பொருள் கைமாறியதும் பெரிய சாட்சியும் சேர்ந்து போய்விட்டது. பணம் வாங்குவதானாலும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், செலவில்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கம்பெனி மறுத்தால் கட்டாயப்படுத்தி உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. காசு திரும்ப வாங்க நல்ல வழி. வெந்த கைக்கு நஷ்டஈடு வாங்க அது போதாது. போலீஸ் புகாரும் அப்படித்தான். கவனக்குறைவு என்று வழக்குப் பதிவாகலாம், அந்த ஆவணம் பின்னால் உதவும். ஆனால் நஷ்டஈட்டுக்கு வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

மிச்சம் இரண்டு கதவுகள்: மாவட்ட நுகர்வோர் ஆணையம், சிவில் கோர்ட்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் குறைபாடுள்ள பொருளால் வரும் காயத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான எச்சரிக்கை தராதது, இவற்றில் எதுவானாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. குறை இருந்தது, அதனால்தான் காயம் என்று காட்டினால் போதும். சிவில் கோர்ட்டில் பொதுவாகக் கம்பெனியின் கவனக்குறைவையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். ஹரியானாவில் இருக்கும் தொழிற்சாலைக்குள் என்ன நடந்தது என்று கோபியில் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

செலவிலும் ஆணையம்தான் சுலபம். தமிழ்நாட்டில் சிவில் வழக்குக்குக் கேட்கிற தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம்; 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். ஆணையத்தில் பார்ப்பது பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலையை. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நஷ்டஈடாக எவ்வளவு கேட்டாலும் இதுதான் அளவு. கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், இந்த முறை செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

வேகத்தைப் பற்றி மட்டும் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். குறுக்கு விசாரணை, பல சாட்சிகள் என்று சிக்கல் கூடினால் ஆணையமே "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடவும் கூடும். அப்படிப்பட்ட வழக்குக்கு சிவில் கோர்ட்தான் சரி.

எதிர்த்தரப்பு முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஏதாவது மாத்தினீங்களா?" பொருளைத் தப்பாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்திருந்தாலோ சட்டம் துணைக்கு வராது. சேஃப்டி வால்வ் போனதென்று சந்தையில் கிடைத்ததை வாங்கி மாட்டுகிற வீடுகள் எத்தனை! ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததா என்பதையும் பாருங்கள். வீட்டுக் குக்கருக்கு அது 2021 முதல் கட்டாயம்.

பேர் போடாத, உள்ளூரிலேயே கோத்துக் கொடுக்கும் சாமான்கள் நம் பக்கத்தில் நிறைய. தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரைப் பொறுப்பாக்க 86-ஆம் பிரிவு வழி தருகிறது. பில் வாங்குங்கள் என்று தலைபாடாகச் சொல்வது இதற்காகத்தான்.

மாட்டுக்குச் சோளத் தட்டு வெட்டற மெஷினில் கை போனால்? நாலு மாடு வைத்துத் தன் பிழைப்புக்கு ஓட்டுகிறவர் ஆணையத்துக்குப் போகலாம். வியாபாரத்துக்கென்று வாங்கியதாகத் தெரிந்தால் நுகர்வோர் இல்லை என்று மறுக்க இடமுண்டு; அவருக்கு சிவில் கோர்ட். கூலிக்கு வேலை செய்த ஆளுக்கு அடிபட்டிருந்தால் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 (2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்), இ.எஸ்.ஐ. என்று பாதையே வேறு. அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்குக்கு நான் ஆணையத்தைத்தான் தேர்ந்தேன். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். எங்கள் கெடு இந்த ஐப்பசியில் முடிகிறது. குக்கர் இல்லை. கடை பில், ஆஸ்பத்திரியில் வாங்கிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மூடி தெறித்த அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த நாலு போட்டோ இருக்கின்றன. "பழசைக் குடுங்க" என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் சின்னம்மாவின் போனில் அப்படியே கிடக்கிறது. அடுத்த வாரம் ஈரோட்டுக்குப் போகிறோம்.