சின்ன அறைக்கு எந்த ஒலிபெருக்கி? ஆடியோஎஞ்சின் ஏ2 பிளஸ், எடிஃபையர் ஆர்1280டிபி

சிங்கப்பூரின் பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறை; மேசையில் மடிக்கணினி போக இரண்டு சாண் இடம்தான் மிச்சம் என்றால், 6 அங்குல உயர ஏ2 பிளஸ் கச்சிதமாக அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் பாடகர் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவு. ஆனால் ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பாகம்) 2.75 அங்குலம்தானே, மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) மெலிந்துவிடும். ஒலியளவுத் திருகும் பின்னால் இருக்கிறது, தடவித் தேட வேண்டும்.

சரி, கொஞ்சம் இடம் இருக்கிறதா? நான் எடிஃபையரைத்தான் சொல்வேன். 4 அங்குல ஊஃபரில் தொப்பி நிறைவாக விழும். இரண்டிலும் புளூடூத் உண்டு. எடிஃபையரில் ரிமோட்டும் கூடுதல். அதைவிட, பக்கவாட்டில் பேஸ் (தாழ்ந்த ஒலி) திருகு. இரவில் அதைக் குறைத்துவிட்டு ஒலி 96.8 வானொலி கேட்டால் பக்கத்து வீட்டுச் சுவர் அதிராது.