கார்பன் வாங்கும் முன் வடிவத்தைக் கேளுங்கள்: சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு நடந்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பொருள் செய்யும் ஆலை ஒன்றில் கழிவுநீர்ப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களைப் போன்ற சின்ன ஆலைகளில் வேலை செய்யும் அண்ணன் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் கார்பன் (செயலூட்டிய கரி) விற்க வந்த ஓர் ஆளால் எங்களுக்குப் பணம் போனது. ஒரு பையனின் உயிரும் போயிருக்கும்.

எங்கள் சுத்திகரிப்பில் கடைசியாக இருப்பது ஓர் அழுத்தத் தொட்டி, உள்ளே குருணைக் கார்பன் படுகை. முந்தைய தொட்டிகளைத் தாண்டியும் நீரில் தங்கிவிடும் நிறத்தை அதுதான் இழுக்க வேண்டும். மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறையில் நிறத்துக்கு ஏ தரம் 100 ஏடிஎம்ஐ (நீரின் நிறத்தை அளக்கும் அலகு), பி தரம் 200. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே நீரை விடுகிறவர்கள் ஏ தரத்தைத் தாண்டக் கூடாது.

பழைய கார்பன் ஓய்ந்த சமயத்தில் அந்த ஆள் வந்தார். தேங்காய்ச் சிரட்டைக் கார்பன், ஐயோடின் எண் (கார்பனின் இழுக்கும் திறனைக் காட்டும் ஓர் அளவு) 1,100, விலையும் மலிவு என்றார். நாங்கள் கேட்டது 8×30 மெஷ் (சல்லடைக் கண் அளவு) குருணை, அதாவது ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டரிலிருந்து 0.6 வரை. ஆர்டரிலும் அப்படித்தான் எழுதினோம். லோரியில் வந்த மூட்டைகளில் மேலே குருணை, நடுவில் கை விட்டால் மை போன்ற பொடி. கேட்டதற்கு, "அண்ணே, கார்பன்னா எல்லாம் கார்பன்தான். பொடியா இருந்தா இன்னும் நல்லா இழுக்கும்" என்றார்.

பொடி வேகமாக இழுக்கும், அது பொய்யில்லை. ஆனால் அது கலக்கும் தொட்டியில் தூவி, பிறகு படியவிட்டு அல்லது வடிகட்டிப் பிரித்தெடுக்க வேண்டிய சரக்கு. படுகையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். எங்கள் தொட்டியில் அழுத்தம் ஏறியது, நீர் வரத்து குறைந்தது, கால்வாயில் கறுப்பு ஓடியது. புதுக் குருணையிலும் முதல் பின்கழுவலில் (நீரைக் கீழிருந்து மேலே விட்டுப் படுகையைக் கழுவும்போது) கறுப்பு வரும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். இது தெளியவே இல்லை.

சண்டை போட்ட பிறகு மாற்றிக் கொடுக்கிறேன் என்று அவர் அனுப்பியது 4 மில்லிமீட்டர் உருளைக் கார்பன். அது காற்றுக்கானது. நாற்றம் பிடிக்கும் கோபுரத்தில் காற்று தடையில்லாமல் போவதற்காகவே அந்தப் பருமன். நிறம் உருளையின் உள்ளே ஊடுருவ நேரம் பிடிக்கும். எங்கள் படுகை 2 கன மீட்டர், ஓட்டம் மணிக்கு 12 கன மீட்டர், ஆக நீர் படுகையில் இருப்பது 10 நிமிடம்தான். நிறம் அப்படியே தாண்டிப் போனது.

அவர் பெருமையாகச் சொன்ன ஐயோடின் எண் நுண்துளைகளைத்தான் அளக்கும். நிற மூலக்கூறுகள் பெரியவை, அவற்றுக்குப் பெரிய துளைகளும் வேண்டும். அதனால் பெரிய மூலக்கூறுகளை இழுக்கும் திறனைக் காட்டும் மெத்திலீன் நீலம் அல்லது மொலாசஸ் எண்ணையும் கேளுங்கள். அதைவிட மேலானது, சாம்பிள் வாங்கி உங்கள் நீரிலேயே சோதித்துப் பார்ப்பது.

எனக்கு இன்றும் ஆறாதது வேறு. அடைத்துப்போன கார்பனை எடுக்க, தொட்டிக்குள் இறங்கி வாளியில் அள்ளச் சொல்லி எங்கள் பையனிடம் அவரே சொல்லியிருக்கிறார். ஈரக் கார்பன் மூடிய தொட்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். வாடை இருக்காது, மூச்சுத் திணறும் முன்பே மயங்கி விழலாம். நல்லவேளை, மூடி திறந்ததுமே ஃபோர்மன் பார்த்துத் தடுத்துவிட்டார். காற்றை அளக்காமல், பயிற்சி பெற்ற காவலாள் வெளியே நிற்காமல், யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

கழித்த கார்பனைத் தன் லோரியில் ஏற்றிச் செம்பனைத் தோட்டத்தில் கொட்டித் தருவதாகவும் சொன்னார். எங்களைப் போன்ற ஆலையின் கழிவுக் கார்பன் எஸ்.டபிள்யூ. 411 என்ற குறியீட்டில் வரும் பட்டியலிட்ட கழிவு, கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. குடிநீர், உணவுத் தொழில், வைட்டமின் தயாரிப்புக் கார்பனுக்குத்தான் அதில் விலக்கு. உரிமம் உள்ளவரிடம் கொடுத்தோம், அந்தச் செலவும் எங்கள் தலையில். மூட்டை பிரித்தாகிவிட்டது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இப்போது கோலகங்சார் பக்க ஆலைகளுக்கும் போய்வருகிறாராம். அவர் காட்டும் சான்றிதழில் ஐயோடின் எண் தடித்த எழுத்தில் இருக்கும். தொகுதி எண், மெஷ் அளவு, ஈரப்பதம், கடினத்தன்மை எதுவும் இருக்காது. எடைக்கு விலை கொடுக்கிறோம், ஈரம் எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். லோரி வந்ததும் பல மூட்டைகளின் நடுவிலிருந்து சரக்கை எடுத்து, கண் முன்னால் சல்லடையில் சலித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.