கறுப்பு வெள்ளைத் தன்படம்: நிறத்தை எப்போது கைவிடுவது?

கைப்பேசியில் கறுப்பு வெள்ளைத் தன்படம் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. கேமராவிலேயே மோனோ ஃபில்டரைப் போட்டு எடுப்பது ஒன்று. வண்ணத்தில் எடுத்து, பிறகு நிறத்தை நீக்குவது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. காரணம் ஒரு சட்டை.

சன்னலோரம் அமர்ந்து, அரக்குச் சிவப்புச் சட்டையில் என்னைப் படமெடுத்தேன். மோனோவில் கழுத்தும் காலரும் ஒரே சாம்பல். தோல் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அதே இடத்தில் வண்ணத்தில் எடுத்த படத்தை லைட்ரூம் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்தேன். சட்டை கரியாக இருண்டது. தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில் அடங்குவதால் முகம் அவ்வளவாக மாறவில்லை. இருட்டிலிருந்து தனியே எழுந்து வந்தது. நிறம் கோப்பில் இருந்ததால்தான் இது முடிந்தது.

மோனோவுக்கும் ஒரு நியாயம் உண்டு. திரையில் நிறம் இல்லாதபோது ஒளியும் நிழலும் மட்டுமே கண்ணில் படும். கன்னத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பழக அதைவிட நல்ல வழி இல்லை. ஐஃபோனில் ஃபில்டரைப் பிறகு நீக்கி வண்ணத்தை மீட்கலாம். எல்லாக் கைப்பேசியிலும் அந்த வசதி இருப்பதில்லை. ஆகவே மோனோவில் ஒளியைப் பார்த்துக்கொண்டு, எடுக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

செயலிகளில், அவசரத்துக்கு ஸ்னாப்சீட் போதும். அதன் கறுப்பு வெள்ளைக் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் என வடிப்பான்கள் உள்ளன. சிவப்பு தோலை வெளுப்பாக்கும். நீலம் கருமையாக்கி, தழும்பையும் மருவையும் எடுத்துக்காட்டும். ஆனால் படம் முழுவதற்கும் ஒரே வடிப்பான்தான். லைட்ரூமில் 8 நிறங்களுக்கும் தனித்தனி ஸ்லைடர். எனக்குக் கட்டுப்பாடு முக்கியம் என்பதால் அதையே நாடுகிறேன்.

அங்கே ஒரு சபலமும் காத்திருக்கிறது. ஆரஞ்சை வலப்பக்கம் தள்ளினால் முகம் பளிச்சென்று வெளுக்கும், தழும்புகள் மறையும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கண்ணோரச் சுருக்கமும் மூக்கின் மேல் விழும் மெல்லிய ஒளிக்கீற்றும்தான் கறுப்பு வெள்ளையின் செல்வம். வெளுத்த முகத்தில் அவை சுண்ணாம்பு பூசிய சுவர்போல் தட்டையாகிவிடும். தோலை மெழுகாக்கும் அழகூட்டும் வசதியையும் இதே காரணத்துக்காக முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

முன் கேமராவா, பின் கேமராவா? முன் கேமராவில் நம்மைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம், அவ்வளவுதான். கைநீளத் தொலைவில் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். பெரும்பாலான கைப்பேசிகளில் பின் கேமராவின் சென்சார் பெரியது, நிழல் பகுதிகளில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் குறைவு. ஒன்றரை மீட்டர் தள்ளி, ஏதாவது ஒன்றில் கைப்பேசியைச் சாய்த்து வைக்கிறேன். முகம் வரவேண்டிய இடத்தில் நாற்காலியின் முதுகில் ஒரு துண்டைப் போட்டு, திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தை (ஃபோகஸ்) பூட்டுகிறேன். பிறகு 10 விநாடி டைமரைத் தட்டிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் அமர்கிறேன்.