நேஷனல் பார்க் கட்டணம்: கேட்ல வாங்கறதா, வரியில எடுக்கறதா, டென்ட்டுக்கு வாங்கறதா?

அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் கேட்ல அந்நாட்டுக்காரங்க கார் ஒண்ணு வந்து நின்னா 35 டாலர். உள்ள ரெண்டு பேர் இருந்தாலும் அதே காசு, பின் சீட்டு முழுக்க ஆள் இருந்தாலும் அதே காசு, ஏழு நாளைக்கு செல்லும். அதே கேட்டுக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சைக்கிள் மிதிச்சுட்டு வந்தா ஆளுக்கு 20, ஆக மொத்தம் 40. புகை விடாம, பார்க்கிங் இடம் கேக்காம, ரோட்டைத் தேய்க்காம வர்றவங்களுக்கு அஞ்சு டாலர் கூட. பார்க் கட்டணம் பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் ஜாஸ்தியா கம்மியான்னு தான் அடிச்சுக்கறாங்க, எனக்கு அது ரெண்டாவது கேள்வி தான். எதுக்குன்னு வாங்கறாங்க, அந்தக் காசு கடைசியில எங்க போய் சேருதுன்னு பாக்காம 35 அநியாயம்னோ 35 சரின்னோ எப்படி சொல்றது?

கேட்லயே காசு வாங்கற பழக்கம் அமெரிக்கால நூறு வருஷத்துக்கு மேல இருக்கு. 1908லயே மவுண்ட் ரெய்னியர் பார்க்ல கார்களுக்கு கட்டணம் வச்சுட்டாங்க, அப்போ கார் இருந்தாலே வசதியானவங்கன்னு அர்த்தம், அதனால அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. ஆனா ரொம்ப காலத்துக்கு வசூலான காசு பெரும்பாலும் அரசாங்க கஜானாவுக்கு போச்சு, வாங்கின பார்க்குக்கு நேரா வரல. 1996ல தான் ஒரு சோதனைத் திட்டம் மாதிரி ஆரம்பிச்சு, வசூல்ல பெரும்பங்கை அந்தந்த இடத்துலயே வச்சுக்க விட்டாங்க, 2004ல அது சட்டமாச்சு. இப்போ பொதுவா 80 சதவீதம் வாங்கின பார்க்லயே நிக்கும், மீதி 20 சதவீதம் கட்டணமே வாங்காத மத்த இடங்களுக்கும் போய் சேரும். இந்த முறையில எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், ஏன்னா நான் குடுத்த காசு நான் நடந்த பாதையோட படியாவோ நான் போன டாய்லெட்டோட கூரையாவோ திரும்ப வருதுன்னா குடுக்கறதுல எனக்கு மனசு கோணாது.

ஆனா கணக்கைப் பாருங்க. இந்தப் பார்க்குகளைப் பாத்துக்கற அரசாங்கத் துறையான நேஷனல் பார்க் சர்வீஸ் கையில 400க்கு மேல இடங்கள் இருக்கு, அதுல நுழைவுக் கட்டணம் வாங்கறது சுமார் நூறு இடத்துல தான், மொத்த வசூல் வருஷத்துக்கு 300 மில்லியன் டாலரைக் கொஞ்சம் தாண்டும். தள்ளிப் போட்டு தள்ளிப் போட்டு சேர்ந்து கிடக்கிற ரிப்பேர் வேலை மட்டும் 20 பில்லியனுக்கு மேல. யானைப் பசிக்கு சோளப்பொரி. அப்போ கேட் கட்டணத்தை ஏத்தினா பார்க் பொழச்சுக்கும்னு சொல்றது நடக்காத கதை, 2017ல 17 பெரிய பார்க்குகள்ல சீசன் டைம்ல காருக்கு 70 டாலர் வைக்கலாம்னு ஒரு யோசனை வந்தப்போ ஒரு லட்சத்துக்கு மேல பொதுமக்கள் கருத்து எழுதிப் போட்டாங்க, அடுத்த வருஷமே அதைக் கைவிட்டு 35ல நிறுத்திக்கிட்டாங்க.

கேட் கட்டணத்தால உண்மையில அடி படறது யார்னா தூரத்துலேர்ந்து பிளைட் புடிச்சு, ஹோட்டல் போட்டு வர்ற குடும்பம் இல்ல. அவங்க செலவுல 35 டாலர் ஒரு மூலையில காணாம போயிடும். பக்கத்து ஊர்ல இருந்துட்டு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் பிள்ளைங்களை கூட்டிட்டு போய் உக்காந்துட்டு வரலாம்னு நினைக்கிறவங்க தான் யோசிப்பாங்க. அவங்களுக்கு ஏழு நாள் செல்லுபடி எதுக்கு? ஒரு நாள் டிக்கெட் வேணும், அது பல இடத்துல இல்லவே இல்ல. அந்நாட்டுல வசிக்கறவங்களுக்கு வருஷ பாஸ் 80 டாலர், மூணு பெரிய பார்க் போனா லாபம், ஆனா மொத்தமா 80 எடுத்து வைக்க முடியாதவங்களுக்கு லாபக் கணக்கு சொல்லி என்ன பிரயோஜனம். சில பார்க்குகள்ல இப்போ கேஷே வாங்கறதில்ல, கார்டு தான். பேங்க் கார்டு இல்லாத ஆளுக்கு கட்டணம் எவ்வளவா இருந்தா என்ன, கதவு சாத்தின மாதிரி தான். நல்லதையும் சொல்லணும்: நிரந்தர ஊனம் இருக்கிற அந்நாட்டுக்காரங்களுக்கு ஆயுள் பாஸ் இலவசம், 2015லேர்ந்து நாலாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு குடும்பத்தோட இலவசம். வயசானவங்க ஆயுள் பாஸ் மட்டும் 2017 ஆகஸ்ட்ல 10 டாலர்லேர்ந்து ஒரே தாவா 80க்குப் போச்சு, ஆயுளுக்கும் செல்லும்ங்கறதால அதையும் நான் அநியாயம்னு சொல்ல மாட்டேன்.

இப்போ எதிர்ப்பக்கம், கேட்டே இல்லாத நாடுகள். பிரிட்டன்ல 15 நேஷனல் பார்க், எதுலயும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்க அது தானமா வந்த சலுகை இல்ல, 1932 ஏப்ரல்ல கிண்டர் ஸ்கவுட் மலையில நூத்துக்கணக்கான தொழிலாளிங்க தடையை மீறி ஏறினாங்க, சில பேர் ஜெயிலுக்கே போனாங்க, அந்த மாதிரி போராட்டத்துக்கு எல்லாம் அப்புறம் தான் 1949ல நேஷனல் பார்க் சட்டம் வந்துச்சு. நார்வே, ஸ்வீடன், பின்லாந்துல இயற்கைக்குள்ள நடந்து போறது எல்லாருக்கும் உள்ள உரிமை, அதுக்கு டிக்கெட்டுங்கற பேச்சே இல்ல. செலவு வரியிலேர்ந்து வருது.

இதுக்கு எதிரா சொல்றவங்க கேக்கற கேள்வி நியாயமான கேள்வி, அதை ஒதுக்க முடியாது: பார்க்குக்கு வாழ்நாள்ல போகாத ஒரு கூலித் தொழிலாளி, லீவு போட்டு ஊர் சுத்தற வசதியானவங்களுக்காக ஏன் வரி கட்டணும்? நான் இதை ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அமெரிக்க பார்க் சர்வீஸோட வருஷ பட்ஜெட் சுமார் 3.3 பில்லியன், ஆளுக்குப் பிரிச்சா பத்து டாலர் கணக்கு, வரிங்கறது வருமானத்துக்கு ஏத்த மாதிரி வாங்கறதா இருந்தா அந்தத் தொழிலாளி பங்கு அதுலயும் கம்மி. அந்தக் காடு தர்ற தண்ணி, காத்து அவருக்கும் வருது. இன்னொன்னு, ஒரு நாள் அவர் மனசு வந்து போகணும்னு நினைச்சா கேட்ல அவரை யாரும் நிறுத்தக்கூடாது, அந்த ஒரு நாளுக்காகத் தான் வருஷம் பூரா அந்தப் பத்து டாலர்னு நான் நினைக்கிறேன்.

ஆனா இலவசம்னா செலவே இல்லன்னு அர்த்தம் இல்ல. பிரிட்டன்ல பார்க்குக்குள்ள நிறைய இடத்துல பார்க்கிங்குக்கு காசு வாங்கறாங்க, பஸ் இல்லாத இடமா இருந்தா அதுவே மறைமுக என்ட்ரி டிக்கெட் தான். அமெரிக்காலயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ். நாட்டுலயே அதிக கூட்டம் வர்ற நேஷனல் பார்க், வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல, ஆனா நுழைவுக் கட்டணம் கிடையாது, டென்னசி மாநிலம் மலை ரோட்டை மத்திய அரசுக்கு கைமாத்தி குடுத்தப்போ சுங்கம் வாங்கவே கூடாதுன்னு நிபந்தனை போட்டுத் தான் குடுத்துச்சு. காசுக்கு என்ன பண்றதுன்னு முழிச்சுட்டு 2023 மார்ச்ல பார்க்கிங் டேக் கொண்டு வந்தாங்க: ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருஷத்துக்கு 40, கால் மணி நேரத்துக்கு மேல வண்டியை நிறுத்தினா தான். சும்மா ஓட்டிட்டு போறவங்களுக்கு இல்ல, நடந்து வர்றவங்களுக்கு இல்ல, சைக்கிள்காரங்களுக்கு இல்ல. அந்தக் காசும் அதே பார்க்குக்குத் தான்.

எனக்கு மொத்த விஷயமும் இதுல தான் பிடிபட்டுச்சு. மலையை ஒருத்தர் பாத்தா அடுத்தவருக்கு மலை குறைஞ்சிடாது, ஆனா ஒரு வண்டி நின்னா இன்னொரு வண்டிக்கு இடம் போச்சு. எதை நான் எடுத்துக்கிட்டா இன்னொருத்தருக்கு இல்லாம போகுதோ அதுக்கு என்கிட்ட காசு கேளுங்க, குடுக்கறேன். உள்ள வந்ததுக்கே காசுன்னா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது வாங்கறவங்க தான்.

வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட் போடறதை ஒரு கண்ல வெண்ணெய் ஒரு கண்ல சுண்ணாம்புன்னு திட்டறவங்க நிறைய, நான் அப்படி ஒரே அடியா திட்ட மாட்டேன். ருவாண்டால மலை கொரில்லாவைப் பாக்க பெர்மிட் 2017ல 750லேர்ந்து 1500 டாலர் ஆச்சு. அங்க ஒரு கொரில்லா குடும்பத்தைப் பாக்க ஒரு நாளைக்கு எட்டு பேர், ஒரே ஒரு மணி நேரம். உலகத்துலயே இருக்கறது ஆயிரத்துச் சொச்சம் கொரில்லா, மனுஷன் சளி பட்டாலே அதுங்களுக்கு ஆபத்து, அதனால ஆளைக் குறைச்சு காசை ஏத்தறதுல அர்த்தம் இருக்கு, பார்க் வருமானத்துல 10 சதவீதம் சுத்தி இருக்கிற ஊர்க்காரங்களுக்கு போகுது. காட்டு மிருகம் வந்து பயிரை அழிச்சா நஷ்டம் அவங்களுக்குத் தானே. ஈக்வடாரோட கலபகோஸ் தீவுகள் நுழைவுக் கட்டணத்தை 2024 ஆகஸ்ட்ல 100 டாலரை 200 ஆக்கினதையும் இதே கணக்குல சேர்த்துக்கலாம். நியூசிலாந்துல நேஷனல் பார்க்குக்குள்ள போறது இலவசம், அதுக்கு பதிலா வெளிநாட்டுக்காரங்க பல பேர்கிட்ட நாட்டுக்குள்ள வரும்போதே ஒரு வரி வாங்கறாங்க, 2019ல 35 நியூசிலாந்து டாலர், 2024 அக்டோபர்லேர்ந்து 100. ஒரு தடவை கட்டிட்டா கேட்டுக்கு கேட்டு நிறுத்தி நீ யார்னு கேக்கறது இல்ல, அது மரியாதையா இருக்கு.

ஆனா அமெரிக்கா 2026 ஜனவரி 1லேர்ந்து கொண்டு வந்தது எனக்கு உறுத்துது. கூட்டம் அதிகமான 11 பார்க்குகள்ல அந்நாட்டுல வசிக்காத 16 வயசும் அதுக்கு மேலயும் ஆன ஒவ்வொருத்தரும் வழக்கமான கட்டணத்துக்கு மேல 100 டாலர் கட்டணும். பெரியவங்க நாலு பேர் ஒரே கார்ல போனா 35 போக 400. இதைத் தவிர்க்க 250 டாலர் வருஷ பாஸ் இருக்கு, தனியா ஒரே ஒரு பார்க் பாக்க வந்தவங்களுக்கு அது என்ன ஆறுதல்? கொரில்லா மாதிரி ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தற காரணம் இங்க இல்ல, உள்நாட்டு ஆளுக்கு விலையைத் தொடாம வெளிநாட்டு ஆளுக்கு மட்டும் விலை ஏத்தறது வசூல் தான். விலையை ஒரேயடியா ஏத்தினா வேற யாருக்கு அடி படும்னு பாக்கணும்னா 2022ல இந்தோனேசியாவோட கொமோடோ நேஷனல் பார்க்கைப் பாருங்க, 37.5 லட்சம் ரூபியா வாங்கப் போறோம்னு சொன்னதும் அங்க டூரிசத்தை நம்பி இருந்தவங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க, கடைசியில அரசாங்கம் பின்வாங்கிடுச்சு.

சரி, கேம்பிங். இங்க என் நிலை மாறும். டென்ட் போடற இடம் அந்த ராத்திரிக்கு எனக்கு மட்டும் தான், வேற யாரும் வர முடியாது. குடிதண்ணி, டாய்லெட், அடுப்பு வளையம், கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி எல்லாம் யாரோ பராமரிக்கணும். அமெரிக்காவோட யோசெமிட்டி பார்க் பள்ளத்தாக்குல ஒரு இடத்துக்கு ராத்திரி 36 டாலர், ஆறு பேர் வரைக்கும் தங்கலாம், ஆளுக்கு ஆறு டாலர் கணக்கு. இதை ஜாஸ்தின்னு என்னால சொல்ல முடியல. ஸ்காட்லாந்துல 2003 சட்டப்படி காட்டுல டென்ட் போடறது உரிமை, ஆனா லாக் லோமண்ட் ஏரிக் கரையில மரத்தை வெட்டி எரிச்சு, குப்பையை அப்படியே விட்டுட்டு போனதால 2017 மார்ச்லேர்ந்து மார்ச் முதல் செப்டம்பர் வரைக்கும் குறிப்பிட்ட ஏரிக்கரைகள்ல மட்டும் பெர்மிட் வச்சாங்க, டென்ட்டுக்கு 3 பவுண்டுன்னு ஆரம்பிச்சாங்க. சேதம் நடந்த இடத்துல, நடந்த மாசத்துல மட்டும் கட்டுப்பாடு. நார்வேல அதுவும் இல்ல, குடியிருக்கிற வீட்டுலேர்ந்து 150 மீட்டர் தள்ளி, பொதுவா ரெண்டு ராத்திரி வரைக்கும், யாரையும் கேக்காம டென்ட் போட்டுக்கலாம்.

கேம்பிங்ல அநியாயம் விலையில இல்ல, புக்கிங்ல இருக்கு. யோசெமிட்டி இடங்கள் மாசத்துக்கு ஒரு நாள், மாசக்கணக்குல முன்னாடியே, காலைல ஏழு மணிக்கு ஆன்லைன்ல திறக்கும், சீசன் தேதிங்க நிமிஷத்துல காலி. நான் வேற ஒரு பார்க்குக்கு இந்த மாதிரி ஏழு மணிக்கு உக்காந்திருக்கேன், பட்டனை அழுத்தி பக்கம் திறக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு, அன்னைக்கு எனக்கு நல்ல நெட் இருந்துச்சு, லீவும் இருந்துச்சு. ஷிப்ட் வேலைக்குப் போறவங்க, அஞ்சு மாசம் கழிச்சு தனக்கு லீவு கிடைக்குமான்னே தெரியாதவங்க இந்தப் பந்தயத்துல ஓடவே முடியாது. 36 டாலரை 10 டாலர் ஆக்கினாலும் அவங்களுக்கு இடம் கிடைக்காது, புக் பண்ணிட்டு வராம விடறவங்க தான் ஜாஸ்தி ஆவாங்க. ஒரு பகுதி இடத்தை முன்கூட்டியே, ஒரு பகுதியை ரெண்டு வாரம் முன்னாடி, கொஞ்சத்தை அன்னைக்கு நேர்ல வந்து நிக்கறவங்களுக்குன்னு பிரிச்சு விடறது தான் எனக்குத் தெரிஞ்சு கொஞ்சமாவது நியாயமான வழி.

பின்லாந்து நேஷனல் பார்க்குகள்ல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு. வடக்குக் காடுகள்ல திறந்தே கிடக்கிற மரக் குடிசைகள், பூட்டு இல்ல, காசு இல்ல, புக்கிங் இல்ல, ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி தங்கலாம், விறகு கூட இருக்கும். இடம் பத்தலன்னா முன்னாடி வந்து ஓய்வெடுத்தவங்க கிளம்பணும், கடைசியா களைச்சு வந்தவங்களுக்குத் தான் முதல் உரிமை. யாருக்கு அந்த ராத்திரி கூரை ரொம்ப தேவையோ அவங்களுக்கு இடம். கூட்டம் அதிகமான பள்ளத்தாக்குல இது எடுபடாதுன்னு எனக்கும் தெரியும், கூட்டம் இல்லாத எத்தனையோ பார்க்குகள்ல ஏன் யாரும் முயற்சி பண்ணலன்னு தான் வருத்தம்.

கடைசியா குலுக்கல். யோசெமிட்டில ஹாஃப் டோம்ங்கற பாறை மலை மேல கம்பியைப் புடிச்சு ஏறற கேபிள் பாதையில ஒரு நாளைக்கு 300 பேர் தான், அந்த வரம்பு உயிருக்குப் பாதுகாப்பு, அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா குலுக்கல்ல பேர் குடுக்கவே 10 டாலர், பெர்மிட் கிடைக்கலன்னாலும் திரும்பாது, கிடைச்சா ஆளுக்கு இன்னொரு 10. மலைக்கே போகாதவங்க கட்டற காசு இது. பேர் குடுக்கறதை இலவசமாக்கி, கிடைச்சவங்ககிட்ட 20, 30ன்னு வாங்கட்டும், ஏறப் போறவங்க சந்தோஷமாவே குடுப்பாங்க.